காலிக் குப்பி பற்றிய புகார்

பிப்ரவரி 3

பெறுநர்: வாடிக்கையாளர் குறை தீர்க்கும் பிரிவு

ஐயா / அம்மா,

எங்கள் மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு உங்கள் நிறுவனம் அனுப்பிய குப்பி நேற்று வந்து சேர்ந்தது. "மனிதத் தசைச் செல் ஏற்பிப் புரதம், மறுசேர்க்கை முறையில் செய்தது, ஐம்பது மைக்ரோகிராம், ஆய்வுக்கு மட்டும்" என்று சீட்டில் அச்சிட்டிருக்கிறது. குப்பிக்குள் ஒன்றுமே இல்லை.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தலைகீழாகக் கவிழ்த்து விரலால் தட்டிப் பார்த்தேன். மூடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தேன். பொடியும் இல்லை, துகளும் இல்லை. பதினோரு வருடமாக ரத்தத்தோடு வேலை செய்கிறேன். காலிக் குப்பிக்கும் நிறைந்த குப்பிக்கும் வித்தியாசம் தெரியாதவள் அல்ல.

அவசரத்தைச் சொல்லிவிடுகிறேன். நோயாளி, பெண், வயது அறுபத்தொன்று. காலையில் நன்றாக எழுகிறார். பகல் சாயச் சாய இமை தொங்குகிறது, பேச்சு மூக்கால் வருகிறது, மாலையானால் கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. மூன்று வாரமாக விழுங்கவும் சிரமம். வழக்கமான பரிசோதனை இரண்டு முறையும் "இல்லை" என்று வந்துவிட்டது. ஒரு மருத்துவர் எல்லாம் மனசுதான் என்று மனநலப் பிரிவுக்கு அனுப்பினார். எங்கள் நரம்பியல் தலைமை மருத்துவர் மட்டும், அபூர்வமான வேறொரு வகையாக இருக்கலாம் என்கிறார். அந்த வகையில் நோயாளியின் ரத்தமே இந்த ஏற்பியைத் தாக்குமாம். அதைச் சோதித்துப் பார்க்கத்தான் உங்கள் பொருளை வாங்கினோம். பன்னிரண்டு நாளில் மருந்தை முடிவு செய்ய வேண்டும். வகை தெரியாமல் மாத்திரையைக் கூட்டினால் மூச்சே தடுமாறலாம்.

உங்கள் விதிப்படி குப்பியை மூடி, பையில் போட்டு, சாட்சிக்காக உறைபெட்டியில் வைத்திருக்கிறேன். மாற்றுக் குப்பி உடனே அனுப்பவும். முடியாதென்றால் ஏன் முடியாது என்று ஒரு மனிதர் எழுதவும். இயந்திரம் எழுதும் பதில் வேண்டாம்.

முதுநிலைப் பரிசோதகர்,
ரத்தப் பரிசோதனைக் கூடம்


பிப்ரவரி 5

மிளகாய்க்கு,

ஒரு மனிதர் எழுதவேண்டும் என்று கேட்டிருந்தாய். மனிதன்தானா என்று உனக்குச் சந்தேகம் உள்ள ஒருவன் எழுதுகிறேன். உன் அண்ணன்.

இந்த நிறுவனத்துக்கு மாறி ஒன்றரை வருடம் ஆகிறது. புரதம் வளர்க்கும் அறை என் பொறுப்பு. குறை தீர்க்கும் பிரிவில் இருக்கும் அம்மையார் உன் மின்னஞ்சலை அச்செடுத்து என் மேஜையில் போட்டார். "உங்க பேட்ச்தான் சார். இந்தம்மா ரொம்பக் காரம்" என்றார். இரண்டு வரி படித்ததும் யாரென்று தெரிந்துவிட்டது, சிரிப்புகூட வந்தது. நோயாளியைப் பற்றிய பகுதிக்கு வந்ததும் உட்கார்ந்துவிட்டேன். வயது அறுபத்தொன்று. காலையில் நன்றாக எழுகிறார். பெயர் போடாவிட்டால் எனக்குத் தெரியாதா? அது அம்மாதானே?

போனை எடுத்தேன். நீ இரண்டு வருடமாக என் எண்ணைத் தடுத்து வைத்திருப்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. அதனால்தான் அலுவலகக் கடிதத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எழுதுகிறேன். சண்டையை அப்புறம் வைத்துக்கொள்வோம். முதலில் அந்தக் குப்பி. தயவுசெய்து அதைத் திறக்காதே, தூக்கி எறியாதே.

அது காலி இல்லை.

ஐம்பது மைக்ரோகிராம் என்றால் தூள் உப்பில் ஒரே ஒரு துகளின் எடை. அதையும் குப்பியின் சுவரெங்கும் ஈரம்போலப் பரப்பி உலர்த்தியிருக்கிறோம். யார் கண்ணுக்கும் தெரியாது. நான் செய்தவன், எனக்கே தெரியாது. முதல் முறை உலர்த்தும் பெட்டியிலிருந்து குப்பிகளை வெளியே எடுத்தபோது, ஒன்பது வார வேலை வீணாய்ப் போயிற்று என்று எனக்கு வியர்த்துவிட்டது. ஆனால் அந்த ஒன்றுமில்லாததற்குள் ஐந்து கோடி கோடி ஏற்பிகள் இருக்கின்றன. நான் மிகைப்படுத்தவில்லை, பேப்பரில் போட்டுப் பார்த்துக்கொள்.

எப்படி வருகின்றன என்று கேள். எங்கள் அறையில் இடுப்பளவு உயரத்தில் ஓர் எஃகுப் பாத்திரம். அதில் வெள்ளெலியின் செல்கள். பல பத்தாண்டுகளுக்கு முன் ஒரே ஒரு வெள்ளெலியிலிருந்து எடுத்தது, இன்றுவரை சாகாமல் பெருகிக்கொண்டே இருக்கிறது. அவற்றுக்குள் மனித மரபணுவில் ஒரு துண்டை வைக்கிறோம். உடம்புச் சூட்டில் வைத்து, சர்க்கரையும் காற்றும் கொடுக்கிறோம். அவ்வளவுதான் நம் வேலை. மனிதன் என்றால் யார், தசை என்றால் என்ன என்று அந்தச் செல்களுக்குத் தெரியாது. ஆனாலும் நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தைக் கட்டிக்காக்கிற அந்த ஏற்பியை, ஒரு மடிப்புகூடப் பிசகாமல் மடித்து வெளியே விடுகின்றன. உடம்பில் அது செல்லின் தோலில் பாதி உள்ளே, பாதி வெளியே ஊன்றி நிற்கும். நாங்கள் வெளிப்பாதியை மட்டும் செய்யச் சொல்கிறோம். ஊன்ற இடமில்லாததால் அது நீரில் மிதந்து வந்துவிடுகிறது.

ஒவ்வொரு முறையும் பாத்திரத்தின் கண்ணாடித் துளை வழியாகப் பார்க்கிறேன். கலங்கிய சாறுதான் தெரியும். ஆனாலும் அந்த இடத்தை விட்டு நகர மனசு வருவதில்லை.

குப்பியைக் கவிழ்த்துத் தட்டினேன் என்று எழுதியிருக்கிறாய். அங்கேதான் தப்பு. அந்தப் படலம் பெயர்ந்து மூடியில் ஒட்டியிருக்கும். மூடியை மேஜையில் எப்படி வைத்தாய், மல்லாக்கவா, குப்புறவா? இதற்கு மட்டுமாவது பதில் எழுது.

அண்ணன்


பிப்ரவரி 6

உட்புறம் மேஜையில் படும்படி குப்புற வைத்தேன். பிறகு அந்த மேஜையைச் ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்தேன். சுத்தமாக வேலை செய்கிறவள் என்று பெயர் வாங்கியவள் இல்லையா.

ஆமாம், அம்மாதான்.

உன் கடிதம் அழகாக இருக்கிறது. வெள்ளெலிக்கு ஒரு பத்தி, பாத்திரத்துக்கு ஒரு பத்தி. அம்மா எப்படி இருக்கிறாள் என்று ஒரு வரி இல்லை. கேட்கவில்லையென்றாலும் சொல்கிறேன். நரம்பியல் பிரிவில் ஆறாவது கட்டிலில் இருக்கிறாள். கஞ்சி குடிக்கும்போது மூக்கில் ஏறுகிறது. பேசினால் நாலாவது வார்த்தையில் குரல் கரைந்துவிடுகிறது. சிரித்தால் முகம் சிரிப்பதில்லை, அதனால் நர்ஸுகள் அவளைச் சிடுமூஞ்சி என்று நினைக்கிறார்கள். நம் அம்மாவைப் போய்.

உனக்கு மறந்திருக்கலாம், எனக்கு மறக்கவில்லை. எட்டு மாதக் குழந்தையை அவள் கையில் கொடுத்துவிட்டு நீயும் அண்ணியும் சட்டை மாற்றப் போனீர்கள். சாயங்காலம். கை தளர்ந்து பாப்பா தரையில் விழுந்தாள். காறை எலும்பில் கீறல். மூன்று வாரத்தில் கூடிவிட்டது. ஆனால் அன்றைக்கு நீ சொன்னாயே, "நடிக்கிறம்மா நீ. வேலைன்னா மட்டும் கை வலிக்குது. இப்ப வேணும்னே விட்டுட்டு நிக்கிற" என்று. அது கூடவில்லை. அதன்பிறகு எந்த வீட்டுக் குழந்தையையும் அவள் தூக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி நீட்டினால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வாள்.

அவளுக்கு என்னவென்று ஊரிலுள்ள எல்லோரையும் கேட்டு அலுத்துப்போய், கடைசியில் உன் அறையில் செய்த சாமானையே கேட்டு நிற்கிறேன். எனக்கு வேறு குப்பி அனுப்பு. குப்புற வைத்ததை நம்பி அம்மாவைச் சோதிக்க எனக்குத் துணிவில்லை.


பிப்ரவரி 7

மிளகாய்,

வேறு குப்பி இல்லை. அந்தப் பேட்ச்சில் பதினொன்றுதான் வந்தது, எல்லாம் போய்விட்டது. நேற்று முழுக்க நாலு ஆய்வுக்கூடங்களுக்குப் போன் செய்து கெஞ்சினேன். எல்லோரும் கரைத்துப் பயன்படுத்திவிட்டார்கள். புதிதாக வளர்க்க ஒன்பது வாரம். செல்லை அவசரப்படுத்த முடியாது. இருப்பது உன்னிடம் உள்ளதுதான்.

பயப்படாமல் செய். குப்பியை மூடியபடியே வெளியே எடுத்து அரை மணி நேரம் மேஜையில் விடு. குளிரோடு திறந்தால் காற்றிலுள்ள ஈரம் உள்ளே இறங்கிவிடும். பிறகு மூடியைத் தொடாமல் சென்ட்ரிஃப்யூஜ் சுழற்றியில் ஒரு நிமிடம் சுற்று, எதிர்ப்பக்கம் அதே எடையில் ஒரு குப்பி வைக்க மறக்காதே. மூடியில் இருப்பதில் பாதியாவது அடிக்கு வரும். திறந்து அரை மில்லி உப்புக்கரைசல் விட்டு, மூடி, மெதுவாகச் சாய்த்துச் சாய்த்து மூடியின் உட்புறம் முழுக்க நனை. குலுக்காதே. நுரை வந்தால் மடிப்பெல்லாம் கலைந்து வெறும் சக்கையாகிவிடும். இருபது நிமிடம் விட்டு இன்னொரு முறை சுற்று. அளந்து பார். இருபது மைக்ரோகிராம் இருந்தாலே ஒரு தட்டுக்குத் தாராளம்.

இப்போது மற்றது. எனக்கு எதுவும் மறக்கவில்லை. பாப்பா கீழே கிடந்து வீறிட்டபோது எனக்குப் பயம். அந்தப் பயத்தை யார்மேலாவது இறக்கி வைக்க வேண்டியிருந்தது, அம்மா பக்கத்தில் நின்றாள். அவள் அழாமல் நின்றதுதான் என் கோபத்தை இன்னும் கிளப்பியது. முகத்தில் ஒரு அசைவுகூட இல்லை. பிள்ளையைப் போட்டுவிட்டு மரம்போல நிற்கிறாளே என்று நினைத்தேன். சிரித்தால் முகம் சிரிப்பதில்லை என்று நேற்று நீ எழுதியதைப் படித்தபிறகு வேலையில் கை ஓடவில்லை. அன்றைக்கு அவள் அழுதிருக்கிறாள். முகத்துக்குத்தான் அழ முடியவில்லை.

பதினொன்றில் ஒன்று அம்மாவுக்குப் போகும் என்று தெரியாமலே சீட்டு ஒட்டினேன். செய், தங்கச்சி. தப்பினால் தப்பு என்னுடையது.

அண்ணன்


பிப்ரவரி 10

அண்ணா,

முப்பத்தொரு மைக்ரோகிராம் கிடைத்தது. மீதி பத்தொன்பதும் என் சுத்தத்தோடு போயிற்று.

எல்லாம் வரிசையாகச் சொல்கிறேன், குறுக்கே பேசாதே. எலைசா சோதனைத் தட்டில் குழி குழியாக உன் பொருளைப் பூசினேன். அடியில் ஒட்டிக்கொள்ள ஒரு ராத்திரி குளிரில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் பன்னிரண்டு பேருடைய ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தை விட்டேன். அம்மாவுடையது ஒன்று, மற்றபடி நான், லிஃப்ட் இயக்குபவர், தலைமை மருத்துவர், இப்படி உடம்பு நன்றாக இருக்கிற பதினொரு பேர். எது யாருடையது என்று தெரிந்தால் என் கை அம்மா பக்கம் சாய்ந்துவிடும். அதனால் பக்கத்து மேஜைக்காரியை எண் போட்டுத் தரச் சொன்னேன். பட்டியலை அவள் உறையில் போட்டு ஒட்டித் தன் பையில் வைத்துக்கொண்டாள். ஒவ்வொருவருக்கும் மூன்று குழி. பொருளே பூசாத குழிகளிலும் அதே பன்னிரண்டையும் விட்டேன், சும்மா ஒட்டுகிறதா என்று பார்க்க.

கழுவினேன். ரத்தம் ஒட்டிய குழியில் மட்டும் நிறம் தரும் கரைசலை விட்டேன். தட்டைப் பார்க்காமல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்து மேஜைக்காரி, "அக்கா, ஏழு" என்றாள்.

ஏழாம் எண்ணின் மூன்று குழிகளும் நீலம் ஏறிக்கொண்டிருந்தன. மற்ற முப்பத்து மூன்றும் தண்ணீர் மாதிரி. பூசாத குழிகள் எல்லாமே தண்ணீர். அமிலம் விட்டு நிறுத்தியதும் அந்த மூன்றும் மஞ்சளாயின, பளிச்சென்று, மஞ்சள் பெயின்ட் ஊற்றியதைப்போல. இதுவரை ஆயிரக்கணக்கான தட்டுகள் பார்த்திருக்கிறேன். இந்த முறைதான் அந்த மூன்று குழிகளுக்கும் முன்னால் கைகட்டி நின்றேன். கண்ணுக்கே தெரியாத ஒன்று, கண்ணுக்கே தெரியாத இன்னொன்றைத் தேடிப் போய்ப் பிடித்திருக்கிறது. அதை நாங்கள் இரண்டு பேர் ஜன்னல் வெளிச்சத்தில் நின்று பார்க்கிறோம். இதை யார் நம்புவார்கள்?

உறையை அவளே பிரித்தாள். ஏழு, அம்மா.

மறுபடியும் ஒரு தட்டு செய்தேன், அதுவும் அப்படியே. இது ஆய்வுதான், தீர்ப்பு இல்லை என்று தலைமை மருத்துவர் சொன்னார். அங்கீகாரம் உள்ள பெரிய ஆய்வுக்கூடத்துக்கு மாதிரி போயிருக்கிறது. ஆனாலும் மாத்திரையைக் கூட்டுவதை நிறுத்திவிட்டார். நாளையிலிருந்து அவள் ரத்தத்தில் அந்தத் தாக்குகிற பங்கை வடித்து எடுக்கப் போகிறார்கள். மனநலப் பிரிவுச் சீட்டை என் கண்ணெதிரே கிழித்தார்.

உன் எண்ணைத் தடையிலிருந்து எடுத்துவிட்டேன். ஆனால் போன் பண்ணாதே. குரலைக் கேட்டால் திட்டிவிடுவேன், இப்போது திட்ட விருப்பமில்லை.


பிப்ரவரி 11

தங்கச்சி,

உன் கடிதத்தை அறையிலிருந்த நாலு பேருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன், "அண்ணா" என்பது தொடங்கி. நாங்கள் பொருளை அனுப்புவோம், அது எங்கே போய் என்ன ஆயிற்று என்று ஒருநாளும் தெரியாது. சாற்றிலிருந்து புரதத்தைப் பிரிக்கிற பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். பாத்திரம் கழுவுகிறவர், "சார், நம்ம எலிக்கு இவ்வளவு மதிப்பா?" என்று கேட்டுவிட்டுப் பாத்திரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அம்மாவிடம் சொல்லிவிட்டாயா? என்ன சொன்னாள்?

அண்ணன்


பிப்ரவரி 15

அண்ணா,

நாலு நாள் எழுதவில்லை, கோபம் இல்லை, நேரம் இல்லை. இரண்டு முறை வடித்தாயிற்று. இன்று அம்மா ஒரு டம்ளர் கஞ்சியை இருமாமல் குடித்தாள். இமை பாதி கண்ணுக்கு மேலே ஏறியிருக்கிறது. பெரிய ஆய்வுக்கூடத்திலிருந்தும் பதில் வந்துவிட்டது. அதேதான்.

மருத்துவர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். "உங்க ரத்தமே ஆள் தெரியாம உங்க தசைய அடிச்சிட்டிருக்கும்மா. காலையில தாங்கும், பொழுது போகப் போகத் தாங்காது. உங்க மேல ஒரு தப்பும் இல்ல." அவர் போனபிறகு கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தாள்.

"அப்போ அன்னைக்குக் கொழந்தைய நான் வேணும்னு விடலையா?" என்று கேட்டாள்.

"யாரும்மா வேணும்னு விடுவா?"

"அவன் சொன்னானே. பொய் சொல்ற பிள்ளை இல்லையே அவன். நானும் யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். தூக்க அலுத்துப்போய், மனசுக்குள்ள எங்கயோ போனா போகுதுன்னு விட்டுட்டேனோன்னு. அப்படி ஒருத்தியா நான்னு."

இரண்டு வருடம், அண்ணா. நோயையாவது நாங்கள் பார்த்தோம். இதை நானும் பார்க்கவில்லை. கூடவே இருந்தேன், ஒரே அறையில் தூங்கினேன், கையைப் பின்னால் கட்டிக்கொள்வதைப் பார்த்தேன். உன்மேல் கோபமாக இருக்கிறாள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏன் இதை உனக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. தண்டிக்க இல்லை. தெரியவேண்டியவன் நீ ஒருவன்தான்.


பிப்ரவரி 16

தங்கச்சி,

படித்தேன். அண்ணியும் படித்தாள்.

அவள் என்னைத் திட்டியிருக்கலாம், சபித்திருக்கலாம். என்னை நம்பித் தொலைத்திருக்கிறாளே. என் பேச்சை அவள் சந்தேகப்படவே இல்லை, தன் கையைத்தான் சந்தேகப்பட்டிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பேருந்தில் மூவரும் வருகிறோம். என்ன சொல்வது என்று கண்ணாடி முன்னால் நின்று பழகிப் பார்த்தேன். "நான் சொன்னது தப்பும்மா" என்பதற்கு மேல் வரவில்லை. அதை மட்டும் சொல்வேன். அவள் ஒன்றும் பதில் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. பாப்பாவை இப்போது தூக்கச் சொல்ல மாட்டேன், ஓடுகிற பிள்ளை, கனம். பக்கத்தில் உட்கார வைக்கிறேன்.

ஒரே ஒரு வேண்டுதல். அந்தப் பொருளைச் செய்தவன் நான் என்று அவளிடம் சொல்லாதே. சொன்னால் எனக்கு நன்றி சொல்வாள், அவள் சுபாவம் உனக்குத் தெரியும். திட்டினால் தாங்கிக்கொள்வேன், அதை மட்டும் என்னால் தாங்க முடியாது.

அண்ணன்


பிப்ரவரி 17

அண்ணா,

மன்னித்துக்கொள். உன் கடிதம் வருவதற்கு முன்பே சொல்லிவிட்டேன். நேற்று காலை முகம் கழுவிவிடும்போது வாயிலிருந்து வந்துவிட்டது.

முதலில் அவளுக்குப் புரியவில்லை. இரண்டு முறை சொல்ல வைத்தாள். கண்ணுக்கே தெரியாதா என்றாள், தெரியாது என்றேன். வெள்ளெலி என்றதும் முகத்தைச் சுளித்தாள். முகம் சுளித்தது, அண்ணா, நன்றாகவே சுளித்தது. அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு, ஏதோ ரகசியத்தைக் கண்டுபிடித்துவிட்டவள் மாதிரி மெதுவாகச் சொன்னாள்:

"அவன் பண்ணி அனுப்புனதா? அதான் என் ரத்தம் ஓடிப்போய் ஒட்டிக்கிட்டிருக்கு."

அப்படி ஒட்டுவதுதான் நோயே, நல்ல ரத்தம் ஒட்டாது என்று எனக்கு வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

இதுவரை ஐந்து நர்ஸுகளிடம் சொல்லியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை யாராவது உன்னிடம் வந்து கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடு.